தண்ணீர் குடித்த ஜீப்பு

அன்னக்கொடியின் பரணி ஒன்றைக் காணவில்லை.

கல்யாணத்தின்போது ராசிங்காபுரத்திலிருந்து வைக்கோல் சுற்றி வண்டியில் கொண்டுவந்த ஜோடி ஊறுகாய்ப் பரணி. கழுத்து வரைக்கும் வெள்ளை, அதற்கு மேலே தவிட்டு நிறம். ஒன்றில் நார்த்தங்காய் உப்பிலும் மிளகாயிலும் ஊறிக்கொண்டிருந்தது. மற்றதைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைத்தான் காணவில்லை. தேடப் போன இடத்தில் எவர்சில்வர் தட்டு ஒன்று குறைந்தது. தட்டைத் தேடப் போனால் சலவைச் சோடாப் பொட்டலமும் இல்லை.

வாசலில் ஜீப்பு நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் கால்களைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தாங்க, எம் பரணியப் பாத்தீங்களா?"

"எந்தப் பரணி?"

"இந்த வீட்டுல எத்தன பரணி கெடக்கு, எதுன்னு கேக்க?"

கால்கள் இரண்டும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன. பிறகு, "அது இனிமே பரணி இல்ல அன்னக்கொடி" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"பின்ன?"

"அது ஒரு மிசினு."

அவள் புருஷன் தவசி வெளியே வந்து காட்டினான். ஜீப்பின் முன்னால், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், அவள் பரணி உட்கார்ந்திருந்தது. வாயில் லாரி டியூப்பை வெட்டிச் செய்த மூடி. மூடிக்குள் ஒயர் இரண்டு இறங்கியிருந்தது; ஒயரின் நுனியில், உள்ளே சோடா கரைத்த தண்ணீரில், அவள் எவர்சில்வர் தட்டு இரண்டு துண்டாகத் தொங்கியது. மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டு எஞ்சினுக்குள் போனது. பேட்டரிக் கரண்டை விட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரியும், அந்த வாயு பெட்ரோலோடு சேர்ந்து எரியும், ஜீப்பு குடிக்கிற பெட்ரோல் பாதியாகக் குறையும் என்று அவன் சொன்னான்.

சொல்லிக் கொடுத்தவர் ஞானதுரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருப்பவர். பழைய பேப்பர் கட்டில் வந்த ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறார். படத்தில் இருந்தது கண்ணாடிக் குடுவை. போடியில் அதற்குப் பரணிதான் அகப்பட்டது.

அன்னக்கொடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தட்டை வெட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நசுங்கின தட்டாக் குடுத்திருப்பேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய எழுபத்து நாலாம் வருஷம் அது. தவசியுடையது பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப்பு. விடிந்ததும் ஏலத் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறுவான். பொழுது சாயும்போது இறக்கிக்கொண்டு வருவான். மலையடிவாரத்து முந்தல் தாண்டி ரோடு மேலே திரும்பிவிட்டால் தவசி வேறு ஆள். மேகம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடக்கும். ஹாரன் அடித்தால் எழுந்து ஓரம் போகிற மாதிரி இருக்கும். எங்கிருந்தோ பச்சை ஏலக்காய் வாசம் வரும். கீழே போடி ஊர், யாரோ மொட்டை மாடியில் காயப்போட்டு மறந்துபோன வற்றல் மாதிரி சின்னதாக, வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். அந்த ரோட்டில் அவன் ஓட்டுகிறானா, ரோடு அவனைத் தாலாட்டிக்கொண்டு போகிறதா என்று அவனுக்கே சில நாள் தெரியாது.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. தீபாவளிக்கு வந்த ராமர், அன்னக்கொடியின் அண்ணன், இலையில் உட்கார்ந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ராசிங்காபுரத்தில் தோட்டமும் கிணறும் உள்ளவர், பெருத்த உடம்பு, அவர் பேசினால் அந்தப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது.

"தை பொறக்கட்டும் மாப்ளே. அதுக்குள்ள இது குடிக்கிறது கொறஞ்சா ஒன்கிட்டயே இருக்கட்டும். கொறையலையின்னா வித்துட்டு வந்துரு. நம்ம தோட்டத்துல மடை திருப்புற சோலிதான். நெழல்ல ஒக்காந்து பாக்கலாம்."

தவசி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அண்ணன் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்றாள்.

ராமர் சொன்னதைவிட இதுதான் அவனுக்கு உறைத்தது. மறுநாள்தான் அவன் ஞானதுரை கடைக்குப் போய் உட்கார்ந்தது.

பரணி வைத்த முதல் காலையில் ஜீப்பு கிளம்பவில்லை. விடிய விடியப் பரணி கரண்டைக் குடித்துப் பேட்டரியைக் காலி செய்திருந்தது. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒச்சம்மாள், தவசியைவிட மூத்தவள், வாயில் வெற்றிலை இல்லாத நேரம் தூங்கும் நேரம் மட்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"தண்ணியில ஓடும்னு சொன்னியேப்பா. இது எங்க வேர்வையிலல்ல ஓடுது."

ஞானதுரை ஒரு சுவிட்சு வைத்துக் கொடுத்தார். எஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் போகும். அது சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் பெட்ரோல் குறையவில்லை. ஓட்டுகிற சீட்டைத் தூக்கினால் அடியில்தான் பெட்ரோல் டாங்கி. காலையில் அளந்து ஊற்றிவிட்டு, மேலே போய்ச் சேர்ந்ததும் அதில் ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்ப்பது தவசியின் வழக்கம். கத்தியால் கீறிய பழைய அடையாளத்துக்கே ஈரம் தினமும் வந்து நின்றது.

வாயு போதவில்லை, சோடாவைக் கூட்டு என்றார் ஞானதுரை. கூட்டினான். மூன்றாவது வளைவில் பரணி பொங்கியது. நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்து, முன்னால் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளின் காலை நனைத்தது. சாயங்காலம் பார்த்தால் அவள் சேலைக் கரை வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அவள் திட்டவில்லை. மலை இறங்குகிற வரைக்கும் அந்தக் கரையை விரல்களால் எடுத்து எடுத்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் தவசி பரணியைக் கம்பளியால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினான். குலுங்காமல் இருக்க மெதுவாக ஓட்டினான். அந்த மெதுவில் அவனுக்கு ஒரு சுகம் கண்டது. கம்பளிக்குள்ளிருந்து பரணி களக் களக் என்று சன்னமாகப் பேசும். பிள்ளை தூக்கத்தில் சிரிப்பது மாதிரி. வெளியே மேகம். உள்ளே பின்னால் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்குவார்கள். ஜீப்பு மலையில் ஏறவில்லை, மலைதான் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றும்.

மெதுவாகப் போனதில் தோட்டத்தில் பேர் எழுதி முடித்துவிட்டார்கள். பெண்களுக்கு அன்றைக்கு அரைச் சம்பளம்தான்.

அதற்கு அடுத்த நாள் போடிமெட்டு செக்போஸ்ட்டில் கம்பளியும் கயிறும் காவலர் சுடலையின் கண்ணில் பட்டன. தெற்கத்திப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். மதுவிலக்கு திரும்பி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. எல்லை ரோட்டில், கம்பளிக்குள் ஒரு பரணி, மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய், உள்ளே கொதிக்கிற சத்தம். சுடலை குனிந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து தவசியைக் கொஞ்சம் மரியாதையோடே பார்த்தார்.

"மரத்தடியில காய்ச்சுதவனப் பாத்திருக்கேன். ஆத்துக்குள்ள காய்ச்சுதவனப் பாத்திருக்கேன். ஓடுத ஜீப்புல காய்ச்சுதவன இப்பத்தாம்யா பாக்கேன்."

தவசி உள்ளதைச் சொன்னான். தண்ணீர், கரண்ட், வாயு, பெட்ரோல் குறையும். சுடலை பொறுமையாகக் கேட்டார். சாராயம் என்று சொல்லியிருந்தாலாவது அபராதத்தோடு விட்டிருப்பேன், அரசாங்க ஊழியனிடம் இப்படியா பொய் சொல்வது என்று வருத்தப்பட்டார்.

ஒச்சம்மாள் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"அது ஊறுகாய்யா. நார்த்தங்கா. புளிச்சுப் பொங்குது."

"குழாய் எதுக்கு?"

"பொங்குனா மூச்சு விட வேணாமா? இல்லைன்னா பரணி வெடிச்சிரும்ல."

சுடலைக்கு இது நம்பும்படியாக இருந்தது. அவர் வீட்டிலும் ஊறுகாய் போடுகிறவர்கள் இருந்தார்கள். அப்படியானால் நாளைக்குக் கொஞ்சம் ருசிக்குக் கொண்டா என்று சொல்லி அனுப்பினார்.

அன்று வீட்டில் தவசி இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். முதல் பரணி போய்விட்டது. இப்போது இரண்டாவது பரணிக்கும் வழி செய்துவிட்டு வந்திருக்கிறான். அன்னக்கொடியின் நார்த்தங்காய் அந்தத் தெரு அறிந்தது. ஒரு துண்டைக் கேட்டு வந்து நிற்பார்கள்; மனசு வந்தால் கொடுப்பாள். ஒச்சம்மாளும் மற்றவர்களும் மத்தியானக் கஞ்சிக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, அன்னக்கொடி வீட்டு நார்த்தங்காயைப் பற்றிப் பேசுவதை அவனே கேட்டிருக்கிறான்.

கடைசியில் சொல்லிவிட்டான். அவன் எதிர்பார்த்த மாதிரி அவள் சத்தம் போடவில்லை. அதனால் தைரியம் வந்து, மனதில் கிடந்த இன்னொன்றையும் சொன்னான்.

"மலையில மேகம் பூராவும் தண்ணிதான அன்னக்கொடி. ஒருநா பாரு, பரணிக்குத் தண்ணிகூட ஊத்த வேண்டியதில்ல. மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு மேகத்துக்குள்ள போனாப் போதும். அதுவா ரொம்பிக்கிரும்."

"சோத்தப் பாத்துச் சாப்பிடுங்க."

அவன் சாப்பிட்டான். அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணன் தோட்டத்துல மடை திருப்பச் சொன்னா திருப்புவீங்களா?"

"திருப்பாம என்ன. தண்ணி போற வழியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பேன்."

அன்னக்கொடி மறுநாள் காலையில் ஊறுகாய்ப் பரணியைத் துணி அவிழ்த்துத் திறந்தாள். ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துப்போட்டு, இவரிடம் கொடுத்தால் வளைவில் சிந்திவிடுவார், சுடலையிடம் நீயே கொடுத்துவிடு என்று ஒச்சம்மாளிடம் கொடுத்தாள்.

செக்போஸ்ட்டுப் பிரச்சினை அப்படித் தீர்ந்தது. பெட்ரோல் பிரச்சினை தீரவில்லை. கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்துவிட்டது. குச்சியில் ஈரம் அதே கீறலுக்கே வந்தது. ஞானதுரை தாடையைத் தடவி யோசித்து, வாயு நடுவில் எங்கோ கசிகிறது, மூடியை இறுக்கு என்றார். தவசி மூடியின் மேல் மெழுகை உருக்கி ஊற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

கட்டிய மறுநாள், புலியூத்துக்குக் கீழே ஏற்றத்தில், எஞ்சின் ஒரு தரம் தும்மியது. அந்தத் தும்மல் குழாய் வழியாகப் பரணிக்கு வந்திருக்க வேண்டும். பட்டாசு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். மூடி பறந்து ஜீப்பின் மேல் துணியில் மோதி, ஒச்சம்மாள் மடியில் விழுந்தது. பரணிக்கு ஒரு கீறலும் இல்லை. ஜீப்பு நிற்பதற்குள் உள்ளே ஆளே இல்லை. காய்ப்பைகளும் தூக்குச்சட்டிகளும் ரோட்டில் உருண்டன. தவசி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மேல் துணியில், பட்டாளத்துக் காலத்திலிருந்தே இருந்த ஓட்டை வழியாக, மேகம் கொஞ்சம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது.

நாளையிலிருந்து வேறு ஜீப்பில் போகிறோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அதை வீட்டிலும் முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்று சாயங்காலம் ஒச்சம்மாளே வந்தாள். தவசிக்கு அவள் முகத்தில் விழிக்கத் தெம்பில்லை. ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். இனி பெட்ரோல் குறைந்தென்ன, கூடியென்ன. ஏறுவதற்கு ஆள் இல்லாத ஜீப்பை ராமர் வந்து தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். கொல்லைப் பக்கம் இரண்டு பெண்களும் பேசுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஏதோ பேரம் மாதிரி ஏறி இறங்கியது. ஒச்சம்மாள் வெளியே வந்தபோது வெற்றிலை இல்லாத வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வர்றோம்ப்பா" என்றாள். "ஒம் பொண்டாட்டி மொகத்துக்காக. ஆனா ஏத்தமான வளவு வந்தா எறங்கிக்கிருவோம். குறுக்குப் பாதையில நடந்து மேல வந்து ஏறிக்கிறோம். எங்களுக்கு உசிரு வேணும்."

இப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பிவிடுவார்கள். முந்தல் தாண்டி முதல் வளைவில் தவசி நிறுத்துவான். எல்லோரும் இறங்குவார்கள். ஜீப்பு காலியாக வளைந்து ஏறும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுவார்கள். மேகத்துக்குள் அவர்கள் வளையல் சத்தமும் பேச்சும் மட்டும் ரோட்டுக்கு மேலே எங்கோ கேட்கும், ஆள் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மேல் வளைவில் பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒவ்வொருத்தியாக வெளியே வருவார்கள். கொஞ்ச தூரம் ஏறிப் போவார்கள். அடுத்த வளைவில் மறுபடியும் இறங்குவார்கள்.

இவ்வளவு பயந்தவர்கள், சமமான இடத்தில் ஜீப்பு போகும்போது பரணியின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தவசி இதைக் கவனிக்கத்தான் செய்தான். அலுத்த உடம்புக்குப் பயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

அவன் கவனம் முழுக்க மூங்கில் குச்சியில் இருந்தது. ஈரம் கீறலைத் தாண்டி மேலே வந்து நின்றது. முதல் நாள் நம்பவில்லை. குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டான். மறுநாளும் மேலே. அதற்கு மறுநாளும். ஞானதுரை கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்து, தவசி குச்சியில் புதிதாகப் போட்டிருந்த கீறலைப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். மூடியை இறுக்கியதுதான் காரணம், நான் அப்போதே சொன்னேன் என்றார். ஆள் இறங்கி நடப்பதைப் பற்றி தவசி அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அவன் நினைவில் அது வேறு சங்கதி, இது வேறு சங்கதி.

நார்த்தங்காய் மட்டும் மளமளவென்று குறைந்தது. தினமும் காலையில் தூக்குச்சட்டி நிறைய அன்னக்கொடி ஒச்சம்மாளிடம் கொடுத்தாள். இந்தச் சுடலைக்கு வயிறா வேறெதுவுமா என்று தவசி வியந்தான். ஒருநாள் அந்த ஆளே ஜீப்பை நிறுத்தி, "என்னய்யா, ஊறுகா ருசியாத்தான் இருக்கு, ரெண்டு துண்டுக்கு மேல வரமாட்டேங்கே" என்று கேட்டதும், மனுஷனுக்கு ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா என்று தவசி மனதுக்குள் சடைத்துக்கொண்டான்.

தை பிறந்து பொங்கல் கழிந்த மறு வாரமே ராமர் வந்துவிட்டார். தண்ணீரில் ஜீப்பு ஓடுகிறதாம் என்று ராசிங்காபுரம் வரைக்கும் பேச்சு போயிருந்தது. அவர் வெறும் பேச்சை நம்புகிறவர் இல்லை. எப்போதும் போகிற லோடோடு போக வேண்டும், நானும் கூட வருவேன், குச்சியை நான்தான் விட்டுப் பார்ப்பேன் என்றார். தவசி சரி என்றான். அன்னக்கொடி அண்ணனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "குளிருண்ணே, துண்டைக் காதோட கட்டிக்கங்க" என்றாள்.

ராமர் முன் சீட்டில் உட்கார்ந்தார். ஜீப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பரணி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னாலிருந்து ஒச்சம்மாள் அக்கறையாகச் சொன்னாள்.

"அண்ணே, காலைக் கொஞ்சம் அகட்டி வச்சுக்கங்க. போன தடவ மூடி பறந்தப்ப மேல போன பாதையப் பாருங்க."

ராமர் மேலே பார்த்தார். துணியில் இருந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

"இதுவா செஞ்சுச்சு?"

"சின்ன மூடிண்ணே அது. இப்பப் பெருசா இறுக்கமாப் போட்டிருக்கு."

தவசிக்கு அந்த ஓட்டையின் கதை தெரியும். சொல்லலாமா என்று வாயெடுத்தான். அதற்குள் முந்தல் வந்துவிட்டது. ஏற்றம் ஆரம்பித்ததும் பரணி களக் களக் என்று பேசத் தொடங்கியது. ராமர் காலை இன்னும் கொஞ்சம் அகட்டினார். முதல் வளைவில் நிறுத்தியதும் பெண்கள் இறங்கினார்கள். எதற்கு என்று அவர் கேட்டார். ஏற்றத்தில்தான் அது கொதிக்கும் என்றாள் ஒருத்தி, போகிற போக்கில்.

ஜீப்பில் தவசியும் ராமரும் பரணியும் இருந்தார்கள். பரணி பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது.

"மாப்ளே, நிப்பாட்டு. கால் மரத்துப்போச்சு. நானும் கொஞ்சம் நடந்தாத்தான் சரியாகும்."

அவருடைய கால் அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் மரத்துப்போனது. பெண்கள் முன்னால் ஏற, ராமர் செடிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் ஏறினார். மேகத்துக்குள்ளிருந்து அவர் மூச்சிரைக்கும் சத்தம் மாட்டுவண்டி வருகிற மாதிரி கேட்டது. தவசி காலி ஜீப்பை மெல்ல ஓட்டிக்கொண்டு போனான். கண்ணாடியில் நீர்த்துளி பூத்திருந்தது. இதுதான் கடைசித் தடவையோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும், ஒவ்வொரு மரத்தையும் சாலையோரத்து மைல் கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போகலாம் போல இருந்தது. பரணி பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தது. அதுகூட அவனைச் சமாதானம் செய்கிற மாதிரிதான் இருந்தது.

போடிமெட்டில் ராமர் வேர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். மூச்சு அடங்கியதும் சீட்டைத் தூக்கச் சொன்னார். குச்சியை அவரே விட்டார். அவரே எடுத்தார். ஈரம் பழைய கீறலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. என்றைக்கும் நின்றதைவிட மேலே.

அவர் குச்சியைப் பார்த்தார். காலி ஜீப்பைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். தோட்டமும் கிணறும் வைத்து நடத்துகிறவர், அவருக்கா விளங்காது? வாயைத் திறந்தார்.

"என்னண்ணே, எதும் சொல்லணுமா?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

ஜீப்பு காலியாக ஏறியது என்று சொல்ல வேண்டும். சொன்னால், நீங்கள் ஏன் இறங்கினீர்கள் என்று இந்தப் பொம்பளை கேட்பாள். ஊறுகாய்ப் பரணிக்குப் பயந்து ராமர் இறங்கி ஓடினார் என்பது அவர் ராசிங்காபுரம் போய்ச் சேருவதற்கு முன்னால் அங்கே போயிருக்கும். அவர் வாயை மூடினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஜீப்பு ஒன்கிட்டயே இருக்கட்டும் மாப்ளே."

தவசி சீட்டைப் பழையபடி மூடி வைக்கத் தெரியாமல் நான்கு தரம் மாற்றி மாற்றி வைத்தான். வீட்டில் போய் ராமர் அதையே சொன்னபோது அன்னக்கொடி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே, "நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்றாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞானதுரை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்தார். போடியில் ஓடுகிற எல்லா ஜீப்புக்கும் பரணி வைப்பது பற்றி இருவரும் பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். மேகத்தை நேராகப் பரணிக்குள் இழுக்க என்ன மாதிரிப் புனல் வேண்டும் என்று சாக்கட்டியால் ஜீப்பின் பானெட்டில் படம் போட்டார்கள். அன்னக்கொடி அவர்களுக்கு மோர் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. கொல்லையில் இரண்டாவது பரணியும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் மலையில் நல்ல மேகம். தவசிக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை. முந்தல் தாண்டியது. பரணி பேச ஆரம்பித்தது. முதல் வளைவு வந்ததும் வழக்கம்போல ஓரமாக நிறுத்தினான். பின்னால் ஒரு அசைவும் இல்லை.

திரும்பிப் பார்த்தான். எல்லோரும் சம்மணம் போட்டு, தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

தவசிக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் இவர்களுக்கும் மிசின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"என்ன ஒச்சம்மாக்கா, பயம் தெளிஞ்சிருச்சா?"

ஒச்சம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"பயமா? வளவுக்கு ஒரு துண்டு நார்த்தங்கான்னு ஒம் பொண்டாட்டிகிட்டப் பேசித்தானப்பா இம்புட்டு நாளும் எறங்கி நடந்தோம். பரணி காலியாயிருச்சாம், வண்டிய எடு."